முக்குளிப்புக் கருவிகள்

முக்குளிப்புக் கருவிகள் என்பன நீருக்கடியில் இறங்குவோர் தம் உடலோடு அணியும் துடுப்புக் காலணி, ஈரவுடை, எடை முதலியவற்றைக் குறிக்கும். முகமூடி, மூச்சுக்குழல், காற்று உருளை ஆகியனவும் இவ்வகையைச் சேர்ந்தவையே. எனினும் ஒருவர் நீரில் மிதப்பதையும் மூழ்குவதையும் முன்னேறுவதையும் பெரிதும் தீர்மானிப்பவை முதலிற் கூறிய மூன்றுமாகும். இம்மூன்றையும் தேர்ந்தெடுக்கும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது.

முதுகில் காற்று உருளையைச் சுமந்து, அதிலிருந்து மூச்செடுத்தவாறு மூழ்குவது ஸ்கூபா முக்குளிப்பு எனப்படும். நீரின் மேற்பரப்பில் இழுத்த ஒரே மூச்சுடன் இறங்கி ஏறுவது மூச்சடக்கு முக்குளிப்பு ஆகும். இலங்கைத் தமிழில் இது சுழியோடுதல் என வழங்கும். மன்னார் வளைகுடாக் கரையில் முத்துக்குளித்தல், சங்குகுளித்தல் என்னும் சொற்கள் நெடுங்காலமாக உள்ளன.

மன்னார் வளைகுடாவின் குளிகல்

தமிழர் நன்கறிந்த முக்குளிப்புக் கருவி ஒரு கல். தூத்துக்குடிக்கும் மன்னாருக்கும் இடைப்பட்ட கடலில் முத்துச்சிப்பி விளையும் இடங்கள் பார் எனப்பட்டன. அரசு அறிவித்து நடத்திய முத்துக்குளிப்புப் பருவம் சலாபம் எனப்பட்டது. 13ஆம் நூற்றாண்டில் மார்க்கோ போலோ இத்தொழிலை விவரித்துள்ளார். பின்னர் போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என ஆட்சிகள் மாறினும் குளிக்கும் முறை பெரிதும் மாறவில்லை. இந்தியப் பகுதியில் 1955 முதல் 1961 வரை நடந்த சலாபங்களே கடைசித் தொடராகும்.

குளிப்பவர், கயிற்றில் கட்டிய கருங்கல்லின் மேலுள்ள வளையத்தில் ஒரு காலை நுழைத்து, மூச்சை இழுத்து, ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். அரேபியக் குளிகாரர் இதற்குக் கொம்பினாற் செய்த மூக்குக்கவ்வியைப் பயன்படுத்தினர். தரையைத் தொட்டதும் காலை விடுவிப்பார். படகிலிருக்கும் துணைவர் கல்லை உடனே மேலே இழுத்துக்கொள்வார். ஏறத்தாழ ஒரு நிமிடம் சிப்பிகளை வலைப்பையில் சேர்த்தபின் கயிற்றை அசைத்தால், அவரும் பையும் மேலே இழுக்கப்படுவர். சுறாவைக் கட்டுவதாக நம்பப்பட்ட கடற்கட்டி என்னும் மந்திரக்காரரும் சலாபத்தில் கூலி பெற்றார் என்பது கூடுதற் செய்தி.

இம்முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எடை இறங்குவதற்கு மட்டுமே உதவியது. ஏறும்போது குளிப்பவரிடம் எடை இல்லை. இன்றைய எடைப் பட்டைகளில் ஒரே கையால் இழுத்துக் கழற்றக்கூடிய கொளுக்கி கட்டாயமாக இருப்பதும் இக்காரணத்துக்காகவே. கிரேக்கப் பஞ்சு குளிப்போரும் இவ்வாறே தட்டையான கல்லைப் பற்றி இறங்கினர். அவர்களுள் ஒருவரான ஹாட்சி ஸ்டாட்டி, இத்தாலியப் போர்க்கப்பல் ஒன்றின் தொலைந்த நங்கூரத்தை 1913இல் 70 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்திலிருந்து மீட்க உதவினார்.

எடை

ஆர்க்கிமிடீசு தத்துவப்படி, மூழ்கிய பொருள் தான் இடம்பெயர்த்த நீரின் எடைக்குச் சமமான மேலுதைப்பைப் பெறும். 15 கிலோகிராம் கருங்கல் ஏறத்தாழ 5.5 லிட்டர் நீரை இடம்பெயர்ப்பதால் கடலில் அதன் பயனுள்ள எடை 9 கிலோகிராம் அளவே. அதே 15 கிலோகிராம் ஈயமோ 1.3 லிட்டர் நீரை மட்டுமே இடம்பெயர்த்து, 13.6 கிலோகிராம் எடையைத் தக்கவைக்கும். ஈயம் சிறிய இடத்தில் அடங்குவதால் நீர்த்தடையும் குறைவு. இன்று எடைக்கட்டிகள் ஈயத்தாற் செய்யப்படுவது இதனாலாகும்.

எவ்வளவு எடை வேண்டும் என்பதற்கு உடல் எடையை வைத்துச் சொல்லப்படும் சூத்திரங்கள் தொடக்க மதிப்பீடு மட்டுமே. உடற்கொழுப்பு, உடையின் தடிப்பு, உருளையின் உலோகம், நீரின் உவர்ப்பு ஆகிய எல்லாம் கணக்கில் வரும். நீரில் இறங்கிச் சோதிப்பதே நம்பத்தக்க வழி. ஸ்கூபா முக்குளிப்பாளர் முழுக் கருவிகளையும் அணிந்து, மிதப்புச் சட்டையின் காற்றை வெளியேற்றி, இயல்பான மூச்சுடன் அசையாது நிற்க வேண்டும். நீர்மட்டம் கண்ணளவில் நின்று, மூச்சை விட்டதும் மெதுவாக அமிழ்ந்தால் எடை ஏறத்தாழச் சரி. இச்சோதனையை நிறைந்த உருளையுடன் செய்தால் ஒரு திருத்தம் தேவை. 12 லிட்டர் உருளையில் 200 பார் அழுத்தத்திலுள்ள காற்று 2.9 கிலோகிராம் அளவு எடையுடையது. அதிற் பெரும்பகுதி மூச்சாகச் செலவானபின், இறுதியில் 5 மீட்டர் ஆழத்தில் நிற்க வேண்டிய வேளையில் முக்குளிப்பாளர் மேலே தள்ளப்படுவார். ஆகவே செலவாகவுள்ள காற்றுக்கு ஈடாக 2 கிலோகிராம் அளவு சேர்த்துக்கொள்வர்.

மூச்சடக்கு முக்குளிப்பில் கணக்கு வேறு. இங்கு நுரையீரல் சுருங்குகிறது. மேற்பரப்பில் 6 லிட்டராக இருந்த காற்று, பாயிலின் விதிப்படி 10 மீட்டரில் 3 லிட்டராகவும் 20 மீட்டரில் 2 லிட்டராகவும் குறையும். அதாவது முதல் 10 மீட்டரிலேயே 3 கிலோகிராம் மேலுதைப்பு இழக்கப்படுகிறது. மேற்பரப்பில் எளிதாக இறங்குவதற்கென எடையைக் கூட்டியவர், ஆழத்தில் கல்லைப்போல் கீழே போவார். மேலேற வேண்டிய வேளையில், ஆக்சிசன் குறைந்த நிலையில், முழு வலுவுடன் உதைக்க வேண்டியிருக்கும். ஏறும்போது அழுத்தம் குறைவதால் இரத்தத்தில் ஆக்சிசன் திடீரெனத் தாழ்ந்து, கடைசிச் சில மீட்டர்களில் நினைவிழப்பது இவ்விளையாட்டின் முதன்மையான மரணக் காரணம். எனவே ஏறத்தாழ 10 மீட்டரிலோ அதற்குக் கீழோ சமநிலை அடையும்படியும், மேற்பரப்பில் மூச்சை விட்ட பின்னும் மிதக்கும்படியும் எடை அமைய வேண்டும். மயங்கியவரை மேற்பரப்பிலேயே வைத்திருப்பது இந்த மிதப்புத்தான். ஐயமிருப்பின் குறைத்தே கட்ட வேண்டும். தனியாக இறங்கவும் கூடாது. சரியான எடை துணைவருக்கு மாற்றன்று.

நன்னீருக்கும் கடல்நீருக்கும் உள்ள வேறுபாடு பலர் மறப்பது. கடல்நீர் நன்னீரைவிட ஏறத்தாழ 2.5 விழுக்காடு அடர்த்தி மிக்கது. வத்திராயிருப்பு, இராசபாளையம், திருவில்லிபுத்தூர் போன்ற உள்நாட்டுப் பகுதியினருக்கு இது நேரடியாகப் பொருந்தும். அங்கு நீச்சல் பழகுவது கிணற்றிலும் கண்மாயிலும். முதுகில் சுரைக்குடுக்கை கட்டிப் பழகும் வழக்கம், எடைப் பட்டைக்கு நேரெதிரான கருவியாகும். கருவிகளோடு 90 லிட்டர் கனவளவுள்ள ஒருவர் கிணற்றில் சரிபார்த்த எடையுடன் தூத்துக்குடிக் கடலில் இறங்கினால், 2 கிலோகிராமுக்குச் சற்று மேற்பட்ட எடை குறைவாக இருக்கக் காண்பார். கடலில் அளந்துவிட்டுக் கிணற்றில் இறங்குபவருக்கு அதே அளவு கூடுதலாகும். முன்னது தொல்லை, பின்னது ஆபத்து.

ஈரவுடை

நீர் காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், 28 பாகை செல்சியசு நீரிலும் ஒரு மணிநேரத்தில் உடல் நடுங்கத் தொடங்கலாம். ஈரவுடை நியோப்பிரீன் என்னும் செயற்கை இறப்பர் நுரையால் ஆனது. இவ்வுடையை 1950களின் தொடக்கத்தில் கலிபோர்னியப் பல்கலைக்கழக இயற்பியலாளர் இயூ பிராட்னர் உருவாக்கினார். உடைக்கும் தோலுக்கும் இடையில் புகும் மெல்லிய நீர்ப்படலமே வெப்பம் தருவதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் வெப்பத்தைக் காப்பவை நுரையிலுள்ள வளிக்குமிழிகள். நீர் உள்ளே புகுந்து வெளியேறிக்கொண்டிருந்தால் உடை பயனற்றதாகும். ஆகவே உடலளவுக்கு இறுக்கமாகப் பொருந்துவதே முதற் தகுதி. கழுத்து, முதுகின் அடிப்பகுதி, அக்குள் ஆகிய இடங்களில் மடிப்போ வெற்றிடமோ இருத்தல் கூடாது. மார்பு முழுதாக விரியவும் வேண்டும்.

தமிழகக் கடலில் 3 மில்லிமீட்டர் உடையே பெரும்பாலோர்க்குப் போதும். அதற்குமேல் தடித்த உடை வாங்குவது வீண்செலவு என்பதோடு, எடையையும் கூட்டச் செய்யும். முழு உடலை மூடும் 3 மில்லிமீட்டர் உடை ஏறத்தாழ 5 லிட்டர் கனவளவு உடையது; தன் எடை போக 3 முதல் 4 கிலோகிராம் வரை மேலுதைப்புத் தரும். அதுவும் ஆழத்தில் நிலையாக இராது: 10 மீட்டரில் குமிழிகள் பாதிக்கு அண்மையாகச் சுருங்கும், வெப்பக்காப்பும் உடன் குறையும். மூச்சடக்கு முக்குளிப்புக்கான உடைகள் மென்மையான நுரையும் வழுவழுப்பான புறப்பரப்பும் கொண்டவை. நீர்த்தடை குறைவு, ஆனால் நகம் பட்டாலே கிழியும். படகேறி இறங்கும் ஸ்கூபாவுக்குத் துணி ஒட்டிய உடையே ஏற்றது. குளிர் இல்லாவிடினும் இழுதுமீன், பவளப்பாறை, வெயில் ஆகியவற்றிலிருந்து உடை காக்கும். மன்னார் வளைகுடாவில் கடற்பாசி எடுக்கும் பெண்கள் புடவைமேல் சட்டை அணிந்து, விரல்களில் துணி சுற்றி இறங்குவதும் இத்தேவைக்கே.

துடுப்புக் காலணி

பிரான்சின் உலூயி தெ கோர்லியு 1933இல் நீச்சல் துடுப்புக்குக் காப்புரிமை பெற்றார். 1940இல் அமெரிக்காவில் ஓவன் சர்ச்சில் அதைப் பரவலாக்கினார். இராமநாதபுரம் கரையில் கடலட்டை எடுத்தோர் பாதங்களில் உலோகத் தகடுகளை மாட்டிக்கொண்டு உதைத்தனர். தத்துவம் ஒன்றே. (கடலட்டை எடுப்பது இந்தியாவில் 2001 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது.)

நீர்த்தடை விரைவின் இருமடிக்கு ஏற்பக் கூடும். விரைவை இருமடங்காக்கினால் தடை நான்கு மடங்கும், செலவிட வேண்டிய திறன் எட்டு மடங்கும் ஆகும். எனவே பெரிய அலகு வாங்கி வலுவாக உதைப்பதைவிட, தடையைக் குறைப்பதே ஆதாயம். தொங்கும் குழாய்கள், கட்டாத வார்கள், இடுப்புக்குக் கீழே சரிந்த எடைப் பட்டை ஆகியன தடையைப் பெருக்கும். எடை தாழ இருந்தால் கால்கள் அமிழ்ந்து உடல் சாயும். அந்நிலையில் எவ்வளவு விலையுயர்ந்த துடுப்பும் பாதி உழைப்பை மேல்நோக்கியே செலவிடும். எடையைச் சரிசெய்த பின்னரே துடுப்பை மதிப்பிட வேண்டும் என்பதற்கு இதுவே காரணம்.

மூச்சடக்குவோர் நீண்ட அலகையும், குதிகால் மூடிய காலணியையும் விரும்புவர். பிளாஸ்டிக், கண்ணாடியிழை, கரியிழை என அலகின் விலை ஏறும். தொடங்குபவர் மென்மையான பிளாஸ்டிக் அலகுடன் பழகுவதே நன்று. கடினமான அலகு கெண்டைக்கால் பிடிப்பை உண்டாக்கும். ஸ்கூபாவுக்குக் குட்டையான, அகன்ற அலகும், பின்வாரும், உள்ளே அணியும் நியோப்பிரீன் காலணியும் பொருந்தும்.

மன்னார் வளைகுடாக் கடல்சார் தேசியப் பூங்காவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் ஆழமற்ற நீரிலேயே உள்ளன. வனத்துறை அனுமதியின்றித் தீவுகளில் இறங்கலாகாது. இத்தகைய நீரில் நீண்ட அலகு பவளத்தை உடைக்கும். மேலும் கீழுமாக உதைப்பது மணலைக் கிளப்பிப் பார்வையை மறைக்கும். இங்கு தவளையுதை எனப்படும் பக்கவாட்டு உதையே தக்கது, அதற்குக் குட்டை அலகு வசதியானது.

பேணுதல்

பயன்படுத்தியபின் எல்லாவற்றையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயில் நியோப்பிரீனை விறைக்கச் செய்யும். உடையை மடித்து அதன்மேல் ஈயக்கட்டிகளை வைத்தால் அவ்விடத்துக் குமிழிகள் நசுங்கி மீளா. துடுப்பை அலகின் நுனியில் நிறுத்திவைத்தால் அது நிலையாக வளைந்துவிடும். படுக்கவைத்தோ காலணிப் பகுதியில் தொங்கவிட்டோ வைப்பர்.