பூக்கவில்லை என்றும் எழுதுங்கள்

விஷு அன்று விடியற்காலையில் மலையாளிகள் கண் திறந்து பார்க்கும் கணியில் சரக்கொன்றைப் பூ இருந்தே ஆக வேண்டும். ஆனால் பண்டிகை வரும் ஏப்ரல் நடுவுக்குள் மரம் பூத்துக் கொட்டிவிடுகிறது என்று கேரளத்தில் பலரும் குறைபட்டுக்கொள்கிறார்கள். எந்த மரம், எந்த வாரம், போன வருஷம் எப்போது என்று கேட்டால்தான் பேச்சு நின்றுவிடும்.

அந்த விவரங்களைப் பொதுமக்களைக் கொண்டே திரட்டுகிறது ‘சீசன்வாட்ச்’. மைசூரில் உள்ள நேச்சர் கன்சர்வேஷன் ஃபவுண்டேஷனின் திட்டம் இது. பதிவுகளில் பெரும்பங்கு கேரளப் பள்ளிப் பிள்ளைகளுடையது. வேம்பு, மா, புளி, கொன்றை என ஏதாவது ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து, வாரம் ஒருமுறை அண்ணாந்து பார்க்க வேண்டும். தளிர், முற்றிய இலை, மொட்டு, பூ, காய், பழம் ஒவ்வொன்றுக்கும் ‘இல்லை’, ‘கொஞ்சம்’, ‘நிறைய’ என்று குறித்தால் போதும். பறவை பார்ப்பதைவிடச் சோம்பேறிகளுக்கு உகந்த வேலை, மரம் பறந்துபோகாது.

புதிதாகச் சேர்பவர்கள் பூத்தால்தான் எழுத வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். மார்ச் 10 அன்று ‘பூ உண்டு’ என்று மட்டும் எழுதினால், அது பிப்ரவரியிலேயே பூத்ததா என்று யாருக்கும் தெரியாது. மார்ச் 3-இல் ‘இல்லை’ என்ற பதிவும் இருந்தால், முதல் பூ அந்த ஒரு வாரத்துக்குள் பிடிபட்டுவிடும். என்னைக் கேட்டால், சலிப்பூட்டும் அந்த ‘இல்லை’தான் இதில் விலைமதிப்பான தகவல்.

ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூத்த நாட்கள் பழைய நாட்குறிப்புகள் வழியாக கி.பி. 812 முதல் கிடைக்கின்றன. அதனால்தான் 2021-இல் மார்ச் 26 அன்றே மரங்கள் முழுதாகப் பூத்தபோது, 1,200 ஆண்டுகளில் அதுவரை இவ்வளவு சீக்கிரம் பூத்ததில்லை என்று சொல்ல முடிந்தது. அங்கே வசந்தம் எவ்வளவு சூடு என்பதே பெரும்பாலும் பூக்கும் நாளை முடிவு செய்கிறது. நம் வெப்பமண்டல மரங்களின் கணக்கு அத்தனை எளிதல்ல. மழை, வறட்சி, மண்ணின் ஈரம் எல்லாம் அதில் சேரும். பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இரண்டு கொன்றைகளே ஒரே நாளில் பூப்பதில்லை. ஆகவே ஒரு மரம் ஒரு வருஷம் முந்திப் பூத்ததற்குப் பருவநிலை மாற்றத்தைக் காரணம் காட்டிவிட முடியாது. பல ஊர்களின் பல மரங்கள், பல ஆண்டுகளாக ஒரே பக்கம் நகர்ந்தால்தான் அது செய்தி.

கொன்றையைத் தேர்ந்தெடுப்பவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: போன பருவத்துக் கரிய நெற்றுகள் புதுப் பூக்களுக்கு நடுவிலும் தொங்கிக்கொண்டிருக்கும். அப்போது இரண்டையுமே குறிக்க வேண்டும்.