உங்களுக்குத் தெரியுமா? பொதிமேல் எழுத்து, உள்ளே சரக்கு

● பூம்புகார்த் துறையில் குவிந்த பொதிகளில் உடையவர் பெயரும் எண்ணும் எழுதியிருந்ததைச் சிலப்பதிகாரம் சொல்கிறது. சுங்கத்தார் சோழரின் புலி முத்திரை பொறித்தே சரக்கை வெளியே விட்டதைப் பட்டினப்பாலை சொல்கிறது.

● மின்னஞ்சல் இணைப்புக்கும் அப்படி ஓர் எழுத்து உண்டு. 1992 ஜூனில் நதானியேல் போரன்ஸ்டீனும் நெட் ஃப்ரீடும் வெளியிட்ட 'மைம்' முறைப்படி, 'கன்டென்ட்-டைப்' என்ற வரிதான் இணைப்பு படமா, ஆவணமா என்று சொல்லும். ஆனால் இங்கே புலி முத்திரை வைக்க ஆளில்லை. அனுப்பும் மென்பொருள் எழுதியதுதான் எழுத்து. அதற்கும் வகை தெரியாவிட்டால் 'அப்ளிகேஷன்/ஆக்டெட்-ஸ்ட்ரீம்' என்று போட்டுவிடும். 'ஏதோ பைட்டுகள்' என்பதற்கு மேல் அதற்குப் பொருள் கிடையாது.

● எழுத்துத் திரையிலேயே அஞ்சல் படிக்க 1995-இல் மைக்கேல் எல்கின்ஸ் உருவாக்கிய 'மட்' நிரலில் இதற்கு நல்ல வழி இருக்கிறது. நிலத்தின் சிட்டா நகல் ஒன்று இப்படித் தப்பான வகையோடு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'வி' விசையைத் தட்டினால் இணைப்புகள் வரிசையாகத் தெரியும். சிட்டா இருக்கும் வரியில் என்டர் தட்டினால், பொருத்தமான நிரல் இல்லையென்று சொல்லி அதை எழுத்தாகவே காட்டும். திரை முழுக்கக் கிறுக்கல்தான். பயப்பட வேண்டாம், முதல் வரியை மட்டும் பாருங்கள். சதவீதக் குறியும் 'பிடிஎஃப்' என்ற ஆங்கில எழுத்துகளும் இருந்தால் அது பிடிஎஃப். திரும்பி வந்து கன்ட்ரோல்-இ தட்டி, வகையை 'அப்ளிகேஷன்/பிடிஎஃப்' என்று திருத்துங்கள். பிடிஎஃப் திறக்கும் நிரலை 'மெயில்கேப்' கோப்பில் குறித்து வைத்திருந்தால், மீண்டும் என்டர் தட்டியதும் சிட்டா திறக்கும். திருத்தம் தற்காலிகமானதுதான், வந்த அஞ்சல் வந்தபடியே இருக்கும்.

● அதேபோல ஜிப் கோப்பு 'பிகே' என்று தொடங்கும். அது ஜிப் வடிவத்தை உருவாக்கிய ஃபில் காட்ஸின் பெயரின் முதலெழுத்துகள். இன்றைய வேர்டு கோப்பும் உள்ளுக்குள் ஜிப்தான் என்பதால் அதிலும் அதே 'பிகே'.

● யூனிகோடுக்கு முந்தைய 'திஸ்கி' எழுத்துமுறையில் எழுதிய தமிழ் அஞ்சல்கள் பல, லத்தீன் எழுத்து என்ற தப்பான குறிப்போடு போயின. படிப்பவருக்குக் கிடைத்தது வெறும் கிறுக்கல். பழைய அஞ்சல் வைத்திருப்போர் அதே கன்ட்ரோல்-இ-யில் எழுத்துமுறையைத் 'திஸ்கி' என்று மாற்றினால், லினக்ஸில் தமிழ் திரும்பி வரும்.

● 2000 மே மாதம் உலகைச் சுற்றிய 'ஐ லவ் யூ' வைரஸ், 'டிஎக்ஸ்டி.விபிஎஸ்' என்று இரட்டை வால் கொண்ட பெயரில் வந்தது. விண்டோஸ் கடைசி வாலை மறைத்ததால் பலர் சாதாரணக் கடிதம் என்று திறந்துவிட்டார்கள். பெயரைக் கடைசிப் புள்ளிக்குப் பின்னாலும் படியுங்கள். அனுப்பியவர் தெரிந்தவரே ஆனாலும் சந்தேகம் வந்தால் ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுத் திறங்கள்.