பாட்டிக்குப் புதிய மூட்டு

வெற்றிலைக் கொடிக்காலுக்குப் பேர் போன சோழவந்தானில், முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்காரும் பாட்டி இல்லாத தெரு உண்டோ? தைலம் தேய்த்தாயிற்று, வலி மாத்திரைகளும் விழுங்கியாயிற்று. (டாக்டரைக் கேளாமல் அவற்றை வருஷக்கணக்கில் விழுங்கினால் சிறுநீரகம் கெடலாம், ஜாக்கிரதை!) இனி ஆபரேஷன்தான் என்றதும், "காலையே வெட்டிவிடுவார்களோ?" என்று பாட்டி கலங்குகிறாள்.

அப்படியெல்லாம் இல்லை. தேய்ந்த எலும்பு முனைகளை மெல்லச் சீவி, உலோக உறை பொருத்தி, நடுவே வழவழப்பான பிளாஸ்டிக் வைக்கிறார்கள். இங்கிலாந்தில் டாக்டர் ஜான் சார்ன்லி 1962-ல் இடுப்பு மூட்டில் செய்து காட்டிய யுக்தி இது. பிற்பாடு முழங்காலுக்கும் வந்தது. பெரும்பாலோர் மறுநாளே கைத்தாங்கலாக நடக்கிறார்கள். ஆனால், அம்மி முன் குந்தி உட்காருவதை மட்டும் பாட்டி மறந்துவிட வேண்டியதுதான்.

பட்டுப் புடவைக்கு நாலு கடை ஏறி இறங்கும் நாம், இதற்கு இரண்டு டாக்டரிடம் அபிப்பிராயம் கேட்கக் கூடாதா? வருஷத்துக்கு எத்தனை மூட்டு மாற்றுகிறீர்கள், சீழ் பிடித்தால் என்ன செய்வீர்கள், பிறகு நடை பழக்குவது யார் என்று கூசாமல் கேளுங்கள். கோபித்துக்கொள்கிறவர் நமக்கு வேண்டாம்.

செலவா? முழங்கால் மூட்டுச் சாதனங்களுக்கு 2017-ல் மத்திய சர்க்கார் உச்சவிலை விதித்தது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் இச்சிகிச்சைக்கு இடமுண்டு. மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போது காப்பீட்டு அட்டையும் பழைய எக்ஸ்-ரேயும் பையில் இருக்கட்டும்.