தொடைக் குழிகளும் கிரீம் டப்பாக்களும்

தொடையிலும் பிட்டத்திலும் ஆரஞ்சுத் தோல்போலக் குழிகுழியாகத் தெரியும் செல்லுலைட்டை, கொழுப்பு கூடிப்போனதன் அடையாளம் என்றே பலரும் நினைக்கிறார்கள். ஒல்லியான பெண்களுக்கும் அது ஏன் வருகிறது என்பதற்கு அந்த விளக்கத்தில் பதில் இல்லை. முக்கியமான காரணம் தோலுக்கு அடியில் உள்ள அமைப்பு. தோலையும் அதன் கீழுள்ள தசையுறையையும் நார்ப்பட்டைகள் இணைக்கின்றன. பெண்களுக்கு இவை பெரும்பாலும் செங்குத்தாக ஓடுகின்றன. பட்டை தோலைக் கீழே இழுக்க, இடையிலுள்ள கொழுப்பு மேலே பிதுங்குகிறது. ஆண்களுக்குப் பட்டைகள் குறுக்காகப் பின்னிக் கிடப்பதால் கொழுப்பு அடங்கியிருக்கிறது. பருவமடைந்த பெண்களில் 80 முதல் 90 சதவீதம் பேருக்கு இது உண்டு என்கிறது தோல் மருத்துவம். இத்தனை பேருக்கு இருப்பதைக் குறை என்று விற்பது என்ன கணக்கோ!

மேலே பூசும் கிரீம் அந்த நாரை எட்டுவதில்லை. காஃபின் கலந்தது கொஞ்ச நேரத்துக்குத் தோலை இறுக்கிக் காட்டும். ரெட்டினாலை மாதக்கணக்கில் பூசினால் தோல் சற்றுத் தடித்துக் குழி மங்கலாம் (கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும்). ‘உடற்பயிற்சியில் எனக்குக் குறைந்ததே’ என்பவர்கள் சொல்வதும் பொய்யல்ல. ஸ்குவாட் போன்ற பயிற்சியில் தசை திரண்டால் தோல் சீராகத் தெரியும், நார் மட்டும் அப்படியே இருக்கும். அவசரமாக எடையைக் குறைத்தாலோ தோல் தொய்ந்து குழி கூடவும் கூடும். நாரையே அறுத்துவிடும் சிகிச்சைக்குப் பலன் உண்டு, செலவும் ரத்தக்கட்டும் உண்டு. நாரைக் கரைக்கும் கொலாஜினேஸ் ஊசிக்கு அமெரிக்கா 2020இல் அனுமதி கொடுத்தது. ரத்தக்கட்டும் தோல் நிறமாற்றமும் கவலையைக் கிளப்பவே, 2022 டிசம்பரில் தயாரித்த நிறுவனமே அதைக் கைவிட்டது.