வெடிமருந்துப் பணமும் ஒரு பெண்ணின் கடிதங்களும்

ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 10ஆம் திகதி நோர்வேயின் ஒஸ்லோ நகரில் சமாதானத்துக்கான நோபல் பரிசு வழங்கப்படுகிறது. அந்தப் பணம் வெடிமருந்து விற்றுச் சேர்த்தது என்பதைப் பலரும் அறிவர். அது சமாதானத்தின் பக்கம் திரும்பியதில் ஒரு பெண்ணுக்கிருந்த பங்கை அறிந்தவர்கள் குறைவு.

சுவீடன் நாட்டவரான அல்பிரட் நோபல் 1867இல் டைனமைட்டுக்குக் காப்புரிமை பெற்றவர். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்னர் அவருடைய தம்பி எமில் வெடிவிபத்தொன்றில் இறந்திருந்தார். அப்படியிருந்தும் நோபல் தொழிலைக் கைவிடவில்லை.

1876இல் பரிஸில் வசித்த அவர், செயலாளர் ஒருவர் தேவையெனப் பத்திரிகையில் விளம்பரம் செய்தார். அதற்கு விண்ணப்பித்து வந்தவரே ஒஸ்திரியப் பெண்ணான பேர்த்தா. பிறக்க முன்னரே தந்தையை இழந்தவர். தாயின் சூதாட்டத்தால் சொத்தையும் இழந்து, ஆசிரியையாக வேலை செய்து வாழ்ந்தவர். நோபலிடம் அவர் இருந்தது ஏறத்தாழ ஒரு வாரம் மட்டுமே. திரும்பிச் சென்று, தான் விரும்பிய ஆர்தர் வொன் சுட்னரை அவரது பெற்றோர் அறியாமல் மணம் முடித்தார். ஆனால் நோபலுடனான கடிதத் தொடர்பு அவர் இறக்கும்வரை நிற்கவில்லை.

1889இல் பேர்த்தா ‘ஆயுதங்களைக் கீழே போடுங்கள்’ என்ற நாவலை வெளியிட்டார். போரிலே கணவனைப் பறிகொடுத்த பெண்ணே அதில் கதையைச் சொல்கிறாள். படைத் தளபதிகளின் வீரக் கதைகளைப் படித்துப் பழகிய ஐரோப்பாவுக்கு இது புதிது. நோபலும் அதைப் பாராட்டி எழுதினார்.

எனினும் இருவருக்கும் கருத்து வேறுபாடு இருந்தது. ஆயுதங்கள் மிகப் பயங்கரமானவையாகிவிட்டால் நாடுகள் பயந்து போரைக் கைவிடும்; மாநாடுகளை விடத் தன் தொழிற்சாலைகளே போரை விரைவில் முடித்துவைக்கும் என்பது நோபலின் எண்ணம். இந்தக் கணக்குப் பிழைத்ததை எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை. பேர்த்தா விடவில்லை, சமாதான இயக்கத்தின் செய்திகளைத் தொடர்ந்து எழுதி அனுப்பினார், உதவியும் கேட்டார். 1893 ஜனவரியில், சமாதானத்துக்காக ஒரு பரிசை ஏற்படுத்த விரும்புவதாக நோபல் அவருக்கு எழுதினார்.

1895 நவம்பர் 27இல் எழுதிய மரண சாசனத்தில் ஐந்து பரிசுகளுக்கென நோபல் தன் செல்வத்தின் பெரும்பகுதியை, 31 மில்லியன் குரோனருக்கு மேல், ஒதுக்கியிருந்தார். அவற்றில் ஒன்று, நாடுகளிடையே சகோதரத்துவத்துக்கும் படைக்குறைப்புக்கும் சமாதான மாநாடுகளுக்கும் உழைத்தவருக்குரியது. பேர்த்தா செய்து வந்த வேலையும் இதுதானே!

1901இல் முதற்பரிசை பிரெடெரிக் பசியுடன் பகிர்ந்துகொண்டவர், செஞ்சிலுவைச் சங்கம் உருவாக வழிகாட்டிய ஹென்றி டுனான்ட். காயத்துக்கு மருந்திடுவது போரை நிறுத்தும் வேலையாகுமா என்று அப்போது சிலர் ஆட்சேபித்தனர். செஞ்சிலுவைச் சங்கத்தின் மூலம் வரும் ஒரு கடிதத்துக்காக மாதக்கணக்கில் காத்திருந்த பெண்களை அறிந்த என்னால் அந்த ஆட்சேபனையை முழுதாக ஏற்க முடியவில்லை.

பேர்த்தாவுக்கு 1905இல் இப்பரிசு கிடைத்தது. சமாதானத்துக்கான பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே. 1914 ஜூன் 21இல் அவர் காலமானார். முதலாம் உலகப் போர் மூள ஐந்து வாரங்களே இருந்தன.

அடுத்த பெண்ணுக்கு இப்பரிசு கிடைக்க மேலும் 17 ஆண்டுகள் சென்றன. 1931இல் அதைப் பெற்ற ஜேன் அடம்ஸ், சிக்காகோ நகரில் ஏழைக் குடியேறிகளிடையே பணியாற்றிய சமூக சேவையாளர். போரை எதிர்த்ததற்காகச் சொந்த நாட்டிலேயே தூற்றப்பட்டவர்.