எந்த ரோட்ல ஓட்டப் போற?

சி.டி.எச். ரோட்டிலிருந்து பிரிந்து போகும் ஒரு சந்தில் அந்தத் தகரக் கொட்டகை இருக்கிறது. போர்டு கிடையாது. ஆவடியில் டேங்க் எஞ்சினோடு பல வருஷம் மல்லுக்கட்டி ரிடையர் ஆன பெரியவர் ஒருவர் அங்கே பழைய புல்லட்டுகளைப் பிரித்துக் கோர்க்கிறார். போன மாதம் நான் அங்கே உட்கார்ந்திருந்தபோது ஒரு பையன் வந்து, அப்பா காலத்துப் புல்லட்டை ஸ்டாண்டு போட்டான்.

“ண்ணா, இதுக்கு ரேஸ் கேம் போடணும். எது போட்டா நல்லாருக்கும்?”

பெரியவர் வண்டிப் பக்கம் திரும்பவே இல்லை. “எந்த ரோட்ல ஓட்டப் போற?”

“டெய்லி வேலைக்குத்தாண்ணா. அம்பத்தூர் எஸ்டேட்.”

“அதுல ரேஸ் எங்க வருது? சிக்னலுக்கு சிக்னல் நிக்கப் போற. உக்காரு தம்பி, டீ சொல்றேன்.”

பத்து வருஷத்துக்கு முன்னால் இந்த ஒரு கேள்வியை யாராவது என்னிடம் கேட்டிருந்தால் என் காசு மிஞ்சியிருக்கும். நான் போன கடையில் (பேர் வேண்டாம்) கேள்வியே கேட்கவில்லை. “ஹை லிஃப்ட் கேம் சார், சும்மா பறக்கும்” என்றார்கள். பறக்கத்தான் செய்தது, காலியான பைபாஸில் மூன்றாவது கியரை முறுக்கிப் பிடித்தால். பாடி மேம்பாலத்துக்குக் கீழே நெரிசலில் ஊரும்போது ஐட்லிங் நிற்காது. ஆக்சிலேட்டரை விட்டால் ஆஃப். ஒவ்வொரு தடவையும் கிக்கர் மேல் ஏறி நிற்க, பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கும்.

கேம் கெட்ட கேம் என்று சொல்ல மாட்டேன். என் ஓட்டத்துக்கு அது பொருந்தவில்லை, அவ்வளவுதான். வால்வு எப்போது திறப்பது, எவ்வளவு தூரம் இறங்குவது, எத்தனை நேரம் திறந்தே இருப்பது ஆகிய மூன்றையும் முடிவு செய்வது கேம்ஷாஃப்டில் இருக்கும் முட்டை வடிவ மேடு. நாலு ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் கேம் ஒரு சுற்று சுற்றும். 6000 ஆர்.பி.எம்.மில் ஒரு வால்வு நொடிக்கு 50 தடவை திறந்து மூடுகிறது. அந்த வேகத்தில் உள்ளே பாயும் காற்றுக்கும் ஒரு உந்து இருக்கும். பிஸ்டன் கீழே போய் மேலே திரும்பிய பிறகும் கொஞ்ச நேரம் அது உள்ளே வந்துகொண்டேதான் இருக்கும். அதனால் ரேஸ் கேம் இன்லெட் வால்வைத் தாமதமாக மூடுகிறது. அதே தாமதம் 1500 ஆர்.பி.எம்.மில் வினையாகிவிடும். உந்து இல்லாத காற்றை ஏறி வரும் பிஸ்டன் வந்த வழியே வெளியே தள்ளும். ஏற்கெனவே கம்ப்ரெஷன் குறைவான பழைய புல்லட் அதற்குப் பிறகு சிக்னலில் எப்படி இழுக்கும்?

இரண்டு குணமும் ஒரே வண்டியில் வேண்டும் என்று அடம்பிடித்தவர்கள் இரண்டு கேம் மேட்டையும் உள்ளே வைத்துவிட்டார்கள். 2018இல் வந்த யமஹா ஆர்15 வண்டியில் 7400 ஆர்.பி.எம்.மைத் தொட்டதும் இன்லெட் வால்வு இன்னொரு மேட்டுக்கு மாறிக்கொள்கிறது. ராயல் என்ஃபீல்டு வேறு வழி பிடித்தது. 2020இல் வந்த அதன் 349 சி.சி. எஞ்சின் தன் முழு டார்க்கான 27 நியூட்டன் மீட்டரை 4000 ஆர்.பி.எம்.மிலேயே கொடுத்துவிடும். நம் ஊர் சாலையைப் பார்த்துத் தேர்ந்த கேம் அது.

கேம் பற்றிப் பேச ஆவடியைவிடப் பொருத்தமான ஊர் கிடையாது என்பது என் கட்சி. 1960களில் இங்கே உருவான விஜயந்தா டேங்கின் லேலண்ட் எல்60 எஞ்சினில் வால்வை இயக்கக் கேமே இல்லை. ஒரே சிலிண்டருக்குள் இரண்டு பிஸ்டன்கள் எதிரும் புதிருமாக ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் அது. அதன் பின் வந்த டி-72 டேங்கின் எஞ்சினிலோ 12 சிலிண்டர், 48 வால்வு, நாலு கேம்ஷாஃப்ட். அதன் சக்தி 780 குதிரை. அதே வம்சத்து எஞ்சின்தான் டி-90இல் 1000 குதிரை தருகிறது. “அந்த எக்ஸ்ட்ரா குதிரை கேம மாத்தி வந்ததுன்னு நெனச்சியா?” என்று பையனைக் கேட்டார் பெரியவர். “சூப்பர்சார்ஜர எடுத்துட்டு டர்போ போட்டான். எஞ்சின்ல ஒண்ணத் தொட்டா அதோட சொந்தக்காரங்க எல்லாரையும் கூப்பிடணும்.”

முன்னொரு நாள் ஒருவர் ஆர்எக்ஸ்100 வண்டியைக் கொண்டுவந்து அதற்கும் கேம் கேட்டாராம். அதுவும் இரண்டு ஸ்ட்ரோக், கேமே கிடையாது. அவருக்கும் டீதான் கிடைத்தது.

காசு வாங்குவதற்கு முன்னால் நல்ல ஆள் கேட்கும் கேள்விகள் எனக்கு இப்போது மனப்பாடம். கம்ப்ரெஷன் எவ்வளவு, எந்த கார்புரேட்டர், சைலன்சர் கம்பெனியுடையதா, முன் ஸ்ப்ராக்கெட்டில் எத்தனை பல், தனியாகப் போவாயா ஜோடியாகவா. இவை எதையும் கேட்காமல் “280 டிகிரி கேம்” என்று எடுத்து நீட்டுகிறவரிடம், வால்வு திறந்திருக்கும் அந்த டிகிரியை எங்கிருந்து அளந்தீர்கள் என்று கேளுங்கள். வால்வு லேசாக அசையும்போதே எண்ண ஆரம்பித்தால் எண் பெரிதாக வரும். டாப்பெட் 1.27 மில்லிமீட்டர் எழுந்த பிறகு எண்ணினால் அதே கேமுக்கு எண் கணிசமாகச் சுருங்கும். ஒருவர் ஒரு விதத்திலும் இன்னொருவர் வேறு விதத்திலும் அளந்த இரண்டு கேம்களை ஒப்பிட்டு வாங்குவது, கிலோ விலையையும் படி விலையையும் ஒப்பிடுவது மாதிரி.

பழைய கேமையே கிரைண்டிங்கில் கொடுத்து ‘ஹை லிஃப்ட்’ ஆக்கித் தருவதும் உண்டு. மேட்டை உயர்த்த முடியாது. அடிவட்டத்தைத் தேய்த்துச் சிறிதாக்கினால் மேடு உயர்ந்தது போலாகும். அளவாகச் செய்தால் குற்றமில்லை. ஆழமாகத் தேய்த்தால் மேலே உள்ள கடினத் தோல் போய்விடும். பிறகு கேம் சாக்பீஸ் மாதிரி கரையும். தேய்ந்த பழைய டாப்பெட்டைப் புதுக் கேமோடு ஓடவிட்டாலும் அதே கதிதான். என் கேமைக் கழற்றியபோது அதன் மூக்கில் நகத்தை வைத்துப் பார்த்தேன். பள்ளம் நகத்துக்கே தட்டுப்பட்டது.

பையன் வந்த அன்றைக்குப் பெரியவர் வேறொரு புல்லட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அதன் சொந்தக்காரர் ஓட்டுவது டிராக்கில். கேமை அவரே வாங்கி வந்திருந்தார். பிஸ்டன் தலையில், குழந்தைகள் உருட்டி விளையாடும் களிமண்ணைத் தட்டையாக ஒட்டினார். ஹெட்டை வைத்து முறுக்கினார். வலது பக்க மூடியைத் திறந்து இரண்டு புஷ்ராடையும் செட் செய்தார்: விரலால் உருட்டினால் உருள வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. பிறகு கிராங்கைக் கையால், மெதுவாக, முழுசாக இரண்டு சுற்று. ஹெட்டைக் கழற்றினால் களிமண்ணில் வால்வு இரண்டும் பிறை பிறையாகப் பதிந்திருந்தன. பிளேடால் வெட்டி, மிச்ச கனத்தை வெர்னியரில் அளந்தார். இன்லெட் பக்கம் 2 மில்லிமீட்டர், சூட்டில் நீளும் எக்ஸாஸ்ட் பக்கம் இரண்டரை இருந்தால் நிம்மதி என்பது அவர் கணக்கு. எக்ஸாஸ்ட் பக்கம் ஒன்றேகாலைத் தாண்டவில்லை. களிமண்ணை உருட்டி டப்பாவில் போட்டு மூடினார். வாங்கி வந்த கேம் திரும்ப அட்டைப்பெட்டிக்குள் போனது. விற்றவர் இதை அளந்து பார்க்கச் சொல்லவே இல்லையாம்.

டிராக் என்றாலும் எந்த டிராக் என்பார் அவர். இங்கிருந்து செங்குன்றம் வழியாகப் போனால் சோழவரம். இரண்டாம் உலகப்போர்க் கால விமான ஓடுதளம். அங்கே ரேஸ் நடந்த நாட்களில் நீள நேர்பாதையில் மேல் வேகமே பேச்சு. 1990இல் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போனது. 3.7 கிலோமீட்டருக்குள் வளைவுக்கு மேல் வளைவு. சோழவரத்து கேமை அங்கே கொண்டுபோனால் ஒவ்வொரு வளைவிலும் மூச்சு வாங்கும்.

சாலையில் ஓட்டுகிறவர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். ஓவர்லாப் (இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம்) அதிகமான கேம் போட்டால் எரியாத பெட்ரோல் சைலன்சர் வழியே போகும். புகைப் பரிசோதனை மெஷின் அதைக் காட்டிக்கொடுத்துவிடும். தயாரித்தவர் தந்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதற்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு போட்டிருக்கும் தடையும் இருக்கிறது. கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

டீ வந்து, குடித்தும் முடித்தாயிற்று. பெரியவர் எழுந்து போய்ப் பையனின் வண்டியை ஒரே உதையில் ஸ்டார்ட் செய்தார். காதைச் சாய்த்துக் கேட்டார். டாப்பெட் மூடியைத் தொட்டார். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். மறுபக்கம் எதுவும் தெரியவில்லை.

“எத்தன வருஷமாச்சு இத மாத்தி?”

பையன் அப்பாவுக்கு போன் போட்டான்.