குழந்தை சாப்பிட அடம் பிடிக்கிறதா? தட்டைப் பார்க்காதீர்கள்; தராசைப் பாருங்கள்!

போடி தாய்மார்களுக்கு எளிய சாப்பாட்டு யோசனைகள்

போடிநாயக்கனூர்:

பொழுது விடியும் முன்பே போடியில் இருந்து ஜீப்புகள் கிளம்பி விடுகின்றன. போடிமெட்டு வழியாக கேரள ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகும் பெண்கள், தூக்குச்சட்டியுடன் ஏறிக் கொள்கிறார்கள். ஊரிலேயே ஏலக்காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகும் பெண்களும் உண்டு. வீடு திரும்பப் பொழுது சாய்ந்து விடும்.

அதுவரை ஒரு வயதுப் பிள்ளைக்குச் சோறு ஊட்டுவது அப்பத்தாவோ, அம்மாச்சியோதான்.

"என்னத்தக் குடுத்தாலும் துப்பிருது. பிஸ்கட்ட டீயில நனைச்சுக் குடுத்தாத்தான் திங்குது" என்பதுதான் வீட்டுக்கு வீடு கேட்கும் புலம்பல்.

பசி குறைவது ஏன்?

இதில் பாதி விஷயத்துக்குப் பயப்படவே வேண்டாம். பிறந்தபோது 3 கிலோ இருந்த குழந்தை, முதல் பிறந்த நாளில் ஏறக்குறைய 9 கிலோ ஆகி விடுகிறது. அதாவது மூன்று மடங்கு! ஆனால் இரண்டாவது வருடம் முழுவதும் சேர்த்து இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்த்தி மெதுவாகும்போது பசியும் குறையும். இது இயற்கை.

மீதிப் பாதிதான் ஆபத்து. சாப்பிடவில்லையே என்று டீயும் பிஸ்கட்டும் கொடுத்தால் சின்ன வயிறு அதிலேயே நிரம்பி விடுகிறது. பிறகு சோற்றைக் கண்டால் முகத்தைத் திருப்பாமல் என்ன செய்யும்? போதாக்குறைக்கு, சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்து உடம்பில் சேராமல் டீ தடுத்து விடும். பசும்பாலை டம்ளர் டம்ளராகப் புகட்டினாலும் இதே கதைதான். நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம்.

தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயது வரை உள்ள குழந்தைகளில் 100-க்கு 57 பேருக்கு ரத்த சோகை இருப்பதாக 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வு கூறுகிறது என்பது குறிப்பிடத்தக்கது.

என்ன கொடுக்கலாம்?

தனிச் சமையல் தேவையில்லை. வீட்டில் கொதிக்கும் உலையே போதும்.

* பருப்புச் சாதம்: குழைந்த சோறு, பாசிப்பருப்பு, ஒரு கரண்டி நெய் அல்லது நல்லெண்ணெய். ஒரு பிடி முருங்கைக் கீரையைப் பருப்போடு வேக விடலாம். மிக்சியில் அரைக்காமல் கையால் மசியுங்கள். மெல்லப் பழக வேண்டிய வயது இது.

* கேழ்வரகுக் கூழ்: வெல்லம் போட்டுக் கெட்டியாகக் காய்ச்ச வேண்டும். கரண்டியைச் சாய்த்தால் தண்ணீராக ஓடக் கூடாது. தண்ணிக் கஞ்சி வயிற்றை நிரப்பும், உடம்பைத் தேற்றாது. வாசனைக்கு ஒரு சிட்டிகை ஏலக்காய்த் தூள் போடலாம்.

* நேந்திரம் பழம்: ஆவியில் வேக வைத்து, நடுவில் உள்ள கருப்பு விதைகளை எடுத்து விட்டு, நெய் விட்டு மசியுங்கள்.

* முட்டை: நன்றாக வேக வைத்து, சோற்றில் உதிர்த்துப் பிசையலாம். இட்லி மாவில் அடித்து ஊற்றிச் சின்னத் தோசையாகவும் சுடலாம்.

* ஆட்டு ஈரல், சுவரொட்டி: கறி எடுக்கும் நாளில் ஒரு சின்னத் துண்டு நன்றாக வேக வைத்து மசித்துக் கொடுங்கள். ரத்தம் ஊற இது நல்லது. தக்காளி ரசம், இரண்டு சொட்டு எலுமிச்சை சேர்த்தால் கீரை, பருப்பில் உள்ள இரும்புச் சத்தும் நன்றாக உடம்பில் ஒட்டும்.

முழு வேர்க்கடலை, சுண்டல் மட்டும் கூடவே கூடாது. தொண்டையில் அடைத்துக் கொள்ளும். பொடித்தோ மசித்தோதான் தர வேண்டும்.

எப்படி ஊட்டுவது?

நாளைக்கு மூன்று அல்லது நான்கு வேளை சாப்பாடு. இடையில் ஒன்றிரண்டு முறை பழமோ சத்துமாவு உருண்டையோ. தாய்ப்பாலை இரண்டு வயது வரை, அதற்கு மேலும் தொடரலாம்.

மூக்கைப் பிடித்துத் திணிப்பது, செல்போனைக் காட்டி ஏமாற்றுவது இரண்டும் வேண்டாம். தனிக் கிண்ணத்தில் வைத்து, வீட்டாரோடு உட்கார வையுங்கள். இறைத்தாலும் தானே அள்ளட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்து விடுங்கள். ஒரு பண்டத்தை இன்று துப்பினால் அதோடு விட்டு விடாதீர்கள். எட்டு, பத்து தடவை கொடுத்த பிறகுதான் சில குழந்தைகளுக்கு அந்த ருசி பிடிபடும்.

மதுரையில் பிறந்த திட்டம்

குழந்தை தேறுகிறதா, இல்லையா? இதற்குத் தராசுதான் சாட்சி. 1980-ல் உலக வங்கி உதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் முதலில் தொடங்கியது. அப்போது போடியும் மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. தேனி தனி மாவட்டம் ஆனது 1996-ல்.

அந்தத் திட்டத்தில் 6 மாதம் முதல் 3 வயது வரை உள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத பிள்ளைக்கு மட்டும் 90 நாள் சத்துருண்டை. தாய்க்கு யோசனை. எடை ஏறியதும் உருண்டை நிறுத்தப்பட்டது.

அதே தராசு இன்று அங்கன்வாடியில் இருக்கிறது. சத்துமாவும் அங்கேயே கிடைக்கிறது. வேலைக்குப் போகும் தாய், மாதம் ஒரு நாள் அப்பத்தா கையில் பிள்ளையைக் கொடுத்து அனுப்பினாலும் போதும்.

அட்டையில் கோடு ஏறினால், பிள்ளை நாலு வாய் குறைத்துச் சாப்பிட்டாலும் கவலை இல்லை. இரண்டு மாதம் ஏறாமல் நின்றாலோ, கண் இமையின் உள்பக்கம் வெளுத்திருந்தாலோ, மண்ணைத் தின்றாலோ, அடம் என்று எண்ணி விட்டு விடாமல் உடனே அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிச் செல்ல வேண்டும்.